மூன்றாவது பார்க்கில் என் தங்கை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். மே மாதம். மும்பையில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளித்துவிட்டுக் கிளம்பினால் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் இன்னொரு குளியல் ஆகிவிடும். நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். நான் வாஷியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மார்ச்சும் ஏப்ரலும் எங்களைப் பிழிந்து காயப்போட்டுவிடும் மாதங்கள். அதனால் மே மாதத்தில் ஒரு வாரம் லீவு கேட்டு வாங்கியிருந்தேன். எங்கும் போவதற்காக அல்ல. பையன் கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறான். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. ஃபேனைப் போட்டுக்கொண்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, அந்த ஒரு வாரமும் படுத்தே கிடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

லீவு கிடைத்த அன்று சாயங்காலமே என் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, பிள்ளைகளக் கூட்டிட்டு வாரேன். ஒரு வாரம் இருப்போம். உனக்குக் கஷ்டமில்லையே?"

"வா வா, எனக்கு என்ன கஷ்டம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"பார்க்கு எல்லாம் கூட்டிட்டுப் போவியா?"

"என்ன பார்க்கு?"

"ரைடு எல்லாம் இருக்குமில்லா, அந்தப் பார்க்கு. மும்பையச் சுத்தி எத்தனை இருக்கோ அத்தனையும் பாக்கணும்."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். முந்தின வருஷம் ஆகஸ்டில், வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நாற்பது வயதுகூட முடியவில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியாகத்தான் வந்து இறங்கினார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்கு ஏழு. அவர் உயிரோடு இருந்தபோது தினமும் வீடியோ காலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மும்பைப் பக்கத்துத் தீம் பார்க் வீடியோக்களைப் பார்ப்பாராம். "அடுத்த லீவுக்கு நான் பம்பாயில வந்து எறங்குதேன். நீங்க பெரியம்மா வீட்டுக்கு வந்துருங்க. எல்லா பார்க்கும் சுத்திட்டு ஒண்ணா ஊருக்குப் போவோம்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த லீவுதான் வரவே இல்லை.

அடக்கத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். அங்கே என் தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து பாட்டுக்கூடப் பாடினாள். சபைப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஒரு விசுவாசம் பாருங்க, இவளப் பாத்து நாம படிக்கணும்" என்றார்கள். எனக்குமே அப்போது பெருமையாகத்தான் இருந்தது. லீவு முடிந்துவிட்டதால் நாலைந்து நாளில் மும்பைக்குத் திரும்பிவிட்டேன்.

சரி, இந்தக் கதைக்கு வருகிறேன். தாதரில் வந்து இறங்கினார்கள். தங்கை இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து காபி குடித்த கையோடு, "எக்கா, நாளைக்கு எந்தப் பார்க்கு?" என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "எனக்கு ஷிப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் பார்க் போரிவலிக்கு அப்பால், படகு ஏறிப் போக வேண்டியது. செம்பூரிலிருந்து குர்லா, குர்லாவிலிருந்து தாதர், அங்கே பிளாட்பாரம் மாறி போரிவலி, அப்புறம் ஆட்டோ, அப்புறம் படகு. படகில் ஏறும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வாசலில் பையைத் திறந்து பார்த்து, வெளிச்சாப்பாடு கூடாது என்று, விடிகாலையில் எழுந்து கிளறிய புளிச்சோற்று டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததிலிருந்து பைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான்கு பேருடைய செருப்பு, தண்ணீர் பாட்டில், துண்டு, போன் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே நானும் நகர்ந்துகொண்டிருந்தேன்.

தங்கை முதலில் சின்னவளோடு குழந்தைகள் ரயிலில் போனாள், கார் ஓட்டினாள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பிப் போடும் ஒரு பெரிய ரைடுக்கு முன்னால் நின்றோம். சின்னவளுக்கு உயரம் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள். பெரியவள், "எனக்கு வேண்டாம்" என்றாள். அந்தப் பிள்ளை ஊரிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான். எதைக் கேட்டாலும் வேண்டாம். சாப்பிட இன்னும் கொஞ்சம் போடவா என்றாலும் வேண்டாம்தான்.

"அப்ப நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்று தங்கை வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே உட்கார்ந்து பார்த்தால் அந்த உயரத்தில் யார் யார் என்று தெரியவில்லை. கூச்சல் மட்டும் கேட்டது. இறங்கி வந்தபோது அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னட்டி ஆச்சு?"

"காத்துக்கா. மேல பயங்கரக் காத்து" என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு, "இன்னொரு மட்டம் போயிட்டு வந்துரட்டா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும் வரிசைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினேன்.

அடுத்த நாள் தாராவியில் ஒரு உறவுக்காரி வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் அம்மாவுக்குத் தங்கை முறை, நாங்கள் சித்தி என்போம். நல்ல மனுஷிதான், அயிரை மீன் குழம்பு வைத்து வாயும் வயிறும் நிறையப் போட்டாள். ஆனால் மனதில் இருப்பதை அடக்கத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏளா, நேத்து பார்க்குல எடுத்த போட்டோவ உம் பிள்ள ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாளே, பாத்தேன். நல்லா சிரிச்சுக்கிட்டு நிக்கிய. மாப்பிள்ள போயி இன்னும் வருஷம் திரும்பல. ஊர்ல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

பெரியவள் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தங்கை நிதானமாக, "பிள்ளைகளுக்கு அவுக குடுத்த வாக்கு சித்தி. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குச் சித்தி மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் தங்கை மேலும் கொஞ்சம் எரிச்சல்தான். வாக்கு பிள்ளைகளுக்குத்தானே கொடுத்தார்? ரைடில் ஏறுவது இவள் அல்லவா?

இரண்டாவதாகப் போனது தண்ணீர்ப் பார்க். தானே தாண்டிப் போக வேண்டும். உடம்போடு ஒட்டும் நைலான் உடுப்பை வாடகைக்குக் கொடுத்தார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று நினைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டு, முட்டி அளவுத் தண்ணீரில் சின்னவளுக்குக் காவல் நின்றேன். பாட்டுச் சத்தம், விசில் சத்தம், குளோரின் வாசம். தலை விண்விண் என்று தெறித்தது. தங்கை உயரமான சறுக்குகளாகப் பார்த்துப் பார்த்து ஏறினாள். படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருந்தாள். கீழே வந்து விழுந்ததும் எழுந்து மறுபடியும் படிக்கட்டுக்குப் போனாள். ஒரு கட்டத்தில் என்னால் முடியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் விழுந்தேன். பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஏம்மா எதுலயும் ஏற மாட்டேங்க?" என்று கேட்டேன்.

அவள் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அம்மாவையே பார்த்தாள். "பெரியம்மா, அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?" என்றாள்.

"பிடிக்காமலா இத்தனை மட்டம் ஏறுதா?"

"நெசமா பெரியம்மா. நம்மூர் கோயில் பண்டிகைல ராட்டுல ஏறவே பயப்படுவா. அப்பாதான் எங்களக் கூட்டிட்டுப் போவாங்க. அம்மா கீழ நின்னு எறங்குங்க எறங்குங்கன்னு கத்துவா. இப்ப என்ன ஆச்சுன்னே தெரியல. ராத்திரியும் தூங்க மாட்டேங்கா."

அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் இருக்க வேண்டிய கவலை இல்லை அது. அவள் தன் அம்மாவைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அசதியில் வாய் திறக்க முடியவில்லை. அவள் தலையைத் தடவிவிட்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

மூன்றாவது பார்க்குக்கு நான் போகவே கூடாது என்றிருந்தேன். அது புனே போகும் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு மலையடியில் இருக்கிறது, இருப்பதிலேயே பெரியது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டுக்காரரிடம், "நான் செத்தாலும் வர மாட்டேன்னு அவகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றேன். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் பெரியவள் குளித்து உடுத்தி, என் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க வாரீயள்லா பெரியம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. பஸ் ஏறினோம்.

அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலுக்குப் பயந்து கூட்டமெல்லாம் தண்ணீர்ப் பக்கமும் ஏசி அரங்குகளின் பக்கமும் போய்விட்டது. பெரிய ரோலர் கோஸ்டர் பக்கம் ஆள் குறைவு. தங்கை அதற்காகவே காத்திருந்தது போல எழுந்தாள். நாங்கள் மூன்று பேரும் எதிரில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். ஒரு சுற்று முடிந்தது. வெளியே வரும் வழியில் எல்லோரும் தள்ளாடிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இவளைக் காணோம். அடுத்த சுற்றும் போனது. அப்போதும் வரவில்லை.

பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள். "பெரியம்மா, போய்ப் பாருங்களேன்" என்றாள்.

சின்னவளை அவளிடம் விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினேன். மேலே பிளாட்பாரத்தில் வண்டி நின்றிருந்தது. ஏறியவர்களின் தோள் மேல் இறங்கும் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பார்க்கில் வேலை செய்பவள், முப்பது வயது இருக்கலாம், தலையில் தொப்பி. கடைசி வரிசையில் என் தங்கை இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட் காலி. முகமெல்லாம் ஈரம். எதிரே இருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நிற்பதையும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஆப் கீ பெஹன்?" என்று கேட்டாள்.

என் தங்கைதான் என்று தலையாட்டினேன். ஏதாவது தகராறு செய்துவிட்டாளோ, இறங்கச் சொல்லியும் இறங்கவில்லையோ என்று பயந்து, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, "தோ அகேலா காய்கோ சோடா? சாத் மே பைட்டோ" என்றாள். அப்படியென்றால் ஏன் அவளைத் தனியாக விட்டீர்கள், கூட உட்காருங்கள் என்று அர்த்தம்.

எனக்கு ஊஞ்சலே ஆகாது. முட்டி வலி, தலை சுற்றல் எல்லாம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள் என் கைப்பையையும் கண்ணாடியையும் வாங்கிப் பக்கத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். என்னை உட்கார்த்தி, கம்பியை இறக்கி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். என் தங்கையின் தோளை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

வண்டி கடகடவென்று மெதுவாக மேலே ஏறியது. அந்த ஏற்றம் முடியவே முடியாது போலிருந்தது. தங்கை என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எக்கா, ஒண்ணும் கேக்காத. கண்ண மூடிக்கோ. கத்தணும்னு தோணுச்சுன்னா கத்து. இங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். சந்தோஷக் கூச்சல். அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, என் தங்கையின் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் அதுவரை கேட்டதில்லை.

"ஏங்க... என்ன விட்டுட்டுப் போயிட்டியளே... சொல்லாமப் போயிட்டியளே... இந்தப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்... ஏங்க..."

சாவு வீட்டில் கேட்டிருக்க வேண்டிய அழுகை அது. ஒன்பது மாசம் கழித்து, மலையடிவாரத்தில், ஒரு விளையாட்டு வண்டியில் கேட்டேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவள் அதையே சொல்லிக் கத்தினாள். வண்டி தலைகீழாகத் திரும்பியபோது கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றிப் பக்கம் போனது. முன்னால் இருந்த காலேஜ் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் கத்தினேன். பயத்தில்தான் ஆரம்பித்தது. என் வாயில் வந்தது "அம்மா" என்ற சொல். பயந்தால் யாரும் அம்மா என்றுதானே கத்துவார்கள்? ஆனால் இரண்டாவது தடவை அந்தச் சொல் வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. எங்கள் அம்மா லாக்டவுன் சமயத்தில் போனாள். ரயில் இல்லை, விமானம் இல்லை. செம்பூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போனில்தான் அடக்கத்தைப் பார்த்தேன். நடுவில் நெட் போய்விட்டது. மறுநாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அப்புறம் அதைப் பற்றி நினைக்க நேரமே வரவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, ஐம்பதை நெருங்கும் நான், தொண்டை கிழிய அம்மாவைக் கூப்பிட்டேன்.

வண்டி வந்து நின்றது. கம்பி தூக்கினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். வெளியே வரும் வழியில் ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டோம். அவளே பேச ஆரம்பித்தாள்.

"வேணும்னு செய்யலக்கா. மொத நாளு அந்தப் பார்க்குல, பிள்ளைகளுக்கு அவுக காட்டின ரைடாச்சேன்னு ஏறுனேன். மேல போனதும் பயத்துல வாயத் தொறந்தேன். அவுகளக் கூப்பிட்டுட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"வீட்டுல அழுதா என்னட்டி? யாரு வேண்டாம்னா?"

"எங்க வச்சு அழ? அத்தைக்கு நெஞ்சு வலி. நான் கண்ணத் தொடச்சாலே அவங்களுக்கு மூச்சு வாங்குது. சின்னவளுக்கு ஒரு நாள் நான் அழுதத பாத்து ராத்திரியே காய்ச்சல் வந்துட்டு. கோயிலுக்குப் போனா எல்லாரும் என்னப் பாத்து, உன்ன மாதிரி தைரியம் யாருக்கு வரும்னு சொல்லுதாங்க. அவங்க முன்னால எப்படி அழ? குளிக்கப் போற எடத்துல தண்ணியத் தொறந்துவிட்டு அழுது பாத்தேன். நெஞ்சுக்குள்ளயே நின்னுக்கிடுது. வெளிய வர மாட்டேங்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது பெரியவள் தங்கச்சியை இழுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்துவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றாள். தங்கை அவசரமாகத் துப்பட்டாவை எடுத்தாள். "ஒண்ணுமில்லட்டி, மேல காத்து..." என்று தொடங்கினாள்.

"காத்துன்னு சொல்லாதம்மா" என்றாள் பெரியவள்.

அவளும் அப்பா போனதிலிருந்து யார் முன்னாலும் அழுததில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா அழாதபோது அவள் எப்படி அழுவாள்? தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கையை நீட்டினாள்.

"எங்கூட வாரியா?"

இந்தத் தடவை பெரியவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மாவும் மகளும் படியேறிப் போனார்கள். நான் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். வண்டி உச்சிக்குப் போய் நின்றது. பிறகு அந்தக் கூச்சல் வந்தது. அதில் எது யாருடைய குரல் என்று பிரித்தறிய முடியவில்லை.

சின்னவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மாவும் அக்காவும் பயந்துட்டாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அப்பாவக் கூப்பிடுதாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று யோசிக்கவும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியிலிருந்து இறங்கி நின்று, தன் பங்குக்கு ஒரு தடவை, "அப்பா!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மறுபடியும் என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, அந்தத் தொப்பிக்காரப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். விட்டுவிட்டு வந்த என் கைப்பையும் கண்ணாடியும் அவள் கையில் இருந்தன. தன்னுடைய தண்ணீர் பாட்டிலைப் பெரியவளிடம் கொடுத்தாள். நான் நன்றி சொன்னேன். இங்கே நிறையப் பேர் அழுவார்கள், கூட்டமாக இருந்தால் எதுவும் செய்ய முடியாது, இன்றைக்கு சீட் காலியாக இருந்தது என்று இந்தியில் சொன்னாள். மேலே மணி அடித்ததும் ஓடிவிட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். தங்கை என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத் தோள் மரத்துப் போனது. உடம்பில் வலிக்காத இடம் இல்லை. வாஷி பாலம் வந்து, செம்பூரில் இறங்க வேண்டிய இடம் நெருங்கியும் எனக்கு அவளை எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுப்பினேன்.

மீதி இருந்த நாட்களில் பார்க் என்ற பேச்சே வரவில்லை. நாங்கள் எல்லோரும் நான் முதலில் நினைத்திருந்தபடி ஃபேனுக்குக் கீழே படுத்துக் கிடந்தோம். அழுகை வந்தபோது அழுதோம். என் வீட்டுக்காரர் முதல் நாள் பதறிப்போனார். பிறகு பழகிக்கொண்டு, அழுகைச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஊருக்குப் போனபின் தங்கை போன் செய்தாள். மாமியாரிடம் பயந்து பயந்து, "அத்தை, எனக்கு இன்னைக்கு அழணும் போல இருக்கு" என்று சொன்னாளாம். அந்த அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உன்னப் பாத்துத்தாம்மா நானும் அடக்கிக்கிட்டு கெடந்தேன்" என்று இவளுக்கு முன்னால் உடைந்து அழுதுவிட்டாராம். அவருக்கு நெஞ்சு வலி வரவில்லை. இப்போது தங்கை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலைக்குப் போகிறாள். பெரியவள் பள்ளி நாடகத்தில் நடிக்கிறாள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று புகார் வருகிறது.

அந்த ஒரு வாரம் போல நான் வாழ்க்கையில் களைத்துப் போனதில்லை. அன்றைக்கு அவளிடம் ஒரு ஆறுதல் வார்த்தையும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து கத்தினேன், ஆனாலும் இத்தனை வயதில் யாருக்காவது உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அது ஒன்றுதான்.